கால் அவுன்ஸ் மூத்திரம்

நான் நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் என் சித்தப்பா வீட்டு முற்றத்தில் வந்து நின்றுகொண்டு அப்பாவைக் கேட்டார்: "கண்டவனுக்க மூத்திரத்தக் கோருத வேலைக்கா பொம்பளப்பிள்ளைய விடப்போற?"

அப்பா மார்த்தாண்டம் சந்தைக்கு எதிரே ஒரு துணிக்கடையின் ஓரத்தில் தையல் மிஷின் போட்டிருந்தவர். அதிகம் பேசமாட்டார். "அவ போவட்டும்" என்று மட்டும் சொன்னார். நான் போனேன்.

சித்தப்பா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த வேலையில் பெரும்பாகம் அதுதான். அதைச் சொல்ல ஒருநாளும் எனக்குக் கூச்சம் வந்ததில்லை. இதைப் படித்துப் பார்த்த என் மகள், மூத்திரம் என்று இருக்கிற இடத்திலெல்லாம் சிறுநீர் என்று மாற்றினால் கௌரவமாக இருக்குமே என்றாள். வார்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாற்றவில்லை.

திருவனந்தபுரத்தில் படிப்பை முடித்தபோது ராஜா ஆட்சி போய்விட்டிருந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகியிருந்தன. பெரிய ரோட்டை ஒட்டிய ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. எந்த ஊர் என்று எழுதமாட்டேன். என்னோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மறந்துவிடுவேன்.

என்னைப் பிரசவ வார்டுக்குப் பக்கத்திலிருந்த பிள்ளை வார்டில் போட்டார்கள். பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளைகளுக்கான அறை அது. இரண்டு வரிசையாகப் பதினாறு தொட்டில்கள். தாய்மார் தொட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கிடப்பார்கள். ஒரு ஹெட் நர்ஸ், நான், இன்னொரு நர்ஸ், இரண்டு ஆயாக்கள். அவ்வளவுதான் ஆள்.

ஹெட் நர்ஸுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட தொப்பி, வெள்ளைத் துணி ஷூ. தாய் முலையில் வாய் வைக்கவே மாட்டேன் என்று அழுகிற பிள்ளையை வாங்கி, தாடையை ஒரு விரலால் தாங்கிப் பிடிப்பார். பிள்ளை குடிக்கத் தொடங்கிவிடும். அந்தக் கைவாகு எனக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. அவரிடம் யாரும் எதிர்த்துப் பேசி அந்தச் சுவர்கள் கேட்டதில்லை.

நான் சேர்ந்த நாலாம் மாதம் ஒரு ஆண்பிள்ளை வந்தது. பிறந்து பதினோரு நாள். காய்ச்சல், வாந்தி, உடம்பெல்லாம் மஞ்சள். எதற்கென்று தெரியவில்லை. நெஞ்சில் சளி இல்லை, தொப்புளில் புண் இல்லை. அதன் துணியை மாற்றும்போதெல்லாம் ஒரு வாடை வந்தது. பச்சைப்பிள்ளையின் மூத்திரத்துக்கு வாடையே இருக்காது. இது கெட்டுப்போன மீனைப் போல வீசியது. ஹெட் நர்ஸிடம் சொன்னேன்.

"எல்லாப் பிள்ளைக்க துணியும் நாறத்தான் செய்யும். பன்னீரா வீசும்?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. கேஸ் ஷீட்டில் 'பலவீனம்' என்று எழுதி மூடினார்கள். அன்று குவார்ட்டர்ஸுக்கு வந்து என் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். காரணம் தெரியாத காய்ச்சலோடு வருகிற பச்சைப்பிள்ளைக்கு மூத்திரத்தைப் பார்க்க வேண்டும், மூத்திரப்பையிலோ சிறுநீரகத்திலோ பழுப்பு, அதாவது சீழ், பிடித்திருக்கலாம் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தது. பரீட்சைக்கு அதை நான் மனப்பாடம் செய்திருந்தேன். முழு மார்க்கும் வாங்கியிருந்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நாள் என்றால் அந்த மூன்று நாள்தான்.

ஒன்றரை மாதம் கழிந்து ஒரு பெண் வந்தாள். கீரிப்பாறைக்கும் மேலே, மலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். இருபது வயதுகூட இருக்காது. எஸ்டேட் பஸ்ஸில் இறங்கி, பஸ் மாறி, பிள்ளையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெண்பிள்ளை, பிறந்து ஒன்பதாம் நாள். காய்ச்சல் வரும், போகும். பால் குடிப்பது குறைந்து போயிருந்தது. பிறந்தபோது இருந்ததைவிட எடை குறைந்து, அஞ்சு பவுண்டில் நின்றது. கண்ணில் மஞ்சள்.

டாக்டர் பார்த்தார். நாகர்கோவில்காரர், படித்து வந்து ரொம்ப வருஷம் ஆகாதவர். தாய்க்குப் பால் போதவில்லை, அதனால் பிள்ளை வறண்டுபோய்க் காய்கிறது என்றார். குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அது நடக்கக்கூடியதுதான். ஆனால் இரண்டு நாள் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அந்தப் பெண் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"சிஸ்டரே, ஒண்ணு செல்லட்டா? மூத்திரம் வாறதுக்கு முன்னால பிள்ள உடம்ப முறுக்கிட்டு அழுவுது. வந்து தீந்தா அப்பமே நிறுத்துது. ஒவ்வொரு மட்டமும் இப்பிடித்தான். பாலுக்கு அழுவுத அழுக இது இல்ல."

"ஹெட் சிஸ்டருட்ட சொன்னியா?"

"செல்லியாச்சி. பிள்ளன்னா அழுவும்னு செல்லிட்டுப் போனாவ. எனக்க பிள்ள எதுக்கு அழுவுதுன்னு எனக்குத் தெரியாதா?"

நான் குனிந்து துணியை எடுத்து முகர்ந்தேன். அதே வாடை.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது ஹெட் நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டேன். "டாக்டர், இந்தப் பிள்ளைக்கு மூத்திரம் ஒண்ணு பாக்கலாமா?"

டாக்டர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. "பொம்பளப்பிள்ளை. பதினோரு நாளு. அதுல எப்படி எடுப்பீங்க? எடுத்துத் தந்தா பாக்கலாம்."

அவர் அடுத்த தொட்டிலுக்குப் போனதும் ஹெட் நர்ஸ் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இருவது வருஷமா நான் பாக்காத பிள்ளையா? ஒனக்க வேலையப் பாரு."

பார்த்தேன். ஈரத்துணியைப் பிழிந்து ஒரு குப்பியில் பிடித்து லாபுக்குக் கொண்டுபோனேன். லாபில் இருந்தவர் ஒரே ஆள்தான், எல்லோருக்கும் அவர் அண்ணன். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"துணி பிழிஞ்ச வெள்ளத்துல நான் என்னத்தப் பாக்க? இதுல சோப்பு இருக்கும், பீ இருக்கும், ஆயாக்க கையழுக்கு இருக்கும். பழுப்பு இருந்தாலும் அது பிள்ளைக்கதா துணிக்கதான்னு யாரு கண்டா? அவிச்ச குப்பியில, நேரா விழுந்தது, கால் அவுன்ஸ் வேணும். கொண்டு வா, ஞாயித்துக்கிழமையின்னாலும் பாக்குதேன்."

அவர் சொன்னது நியாயம். ஞாயிற்றுக்கிழமை என்றது பேச்சுக்குத்தான். நான் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஞாயிறு, எனக்கு ஓய்வு நாள்.

அன்று சர்ச்சுக்குப் போகவில்லை. வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, வாய் அகன்ற மூன்று சின்னக் குப்பிகளை ஸ்டவ்வில் அவித்து, சுத்தமான துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு சரியாகப் பத்து மணிக்கு வார்டுக்குள் போனேன்.

ஹெட் நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "யூனிஃபாம் இல்லாம வார்டுக்குள்ள என்ன?"

"நான் டியூட்டிக்கு வரல்ல சிஸ்டர். அந்தப் பிள்ளையப் பாக்க வந்திருக்கேன். பத்து மணியிலேருந்து பாக்க வாறவியளுக்க நேரம்தானே?"

அவர் மறுபடி குனிந்துகொண்டார். சட்டத்தில் இடமில்லாத எதையும் அவர் சொல்லமாட்டார். அது அவரிடம் எனக்குப் பிடித்த குணம்.

அவித்த தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிள்ளையை முன்னிருந்து பின்னாகத் துடைத்தேன். ஒரு பஞ்சால் ஒரே துடைப்பு, அதைப் போட்டுவிட்டு அடுத்த பஞ்சு. பிறகு தாயிடம் பால் கொடுக்கச் சொன்னேன். நாலு வாய் குடித்துவிட்டு விட்டுவிட்டது. பிள்ளையை வாங்கி என் முட்டியில் சாய்த்து, கால்களை ஒரு கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு, மறுகையில் குப்பியை உடம்பில் படாமல் ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தேன். காத்திருந்தேன்.

இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது. பன்னிரண்டு நாள் பிள்ளையின் மூத்திரம் எப்போது வரும், எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. முதுகு வலிக்கும். குப்பி பிடித்த கை மரத்துப்போகும். கண்ணைச் சிமிட்டினால் போய்விடும். முதல் தடவை முக்கால் மணி நேரம் காத்து, வந்தது. கூடவே மலமும் வந்தது. அந்தக் குப்பியைத் தூர வைத்தேன். மறுபடி துடைத்து, மறுபடி பால், மறுபடி முட்டியில். இரண்டாம் தடவை பக்கத்துத் தொட்டில் தாய் என்னவோ கேட்க, நான் தலையைத் திருப்பினேன். என் மடி நனைந்தது. குப்பியில் ஒரு சொட்டு இல்லை.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "சிஸ்டரே, சேலை போச்சி."

"போவட்டும் மக்கா. இன்னும் ஒரு குப்பி உண்டு."

ஆயாக்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நர்ஸ் வேலை வெட்டி இல்லாமல் பிள்ளையின் காலை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. பசி வந்து, பிறகு பசி அடங்கியும் போயிற்று. எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது என் மனதில் இருந்தது இரக்கம் என்று சொன்னால் அது அழகாக இருக்கும். எனக்குள் இருந்தது கோபம்தான். அந்த ஆண்பிள்ளைக்கு நான் உட்காராத மூன்று நாளையும் சேர்த்து உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றரை மணி இருக்கும். பிள்ளை முகத்தைச் சுளித்தது. உடம்பை முறுக்கி வீறிட்டது. தாய் சொன்ன அதே அழுகை. பஞ்சைப் பச்சைத் தண்ணீரில் தொட்டு அடிவயிற்றில் வைத்தேன். வந்தது. கலங்கலாக, அரிசி களைந்த தண்ணீரைப் போல, குப்பியின் கால்வாசிக்கு வந்தது.

மூடியைப் போட்டுக்கொண்டு, நனைந்த சேலையோடு லாப் அண்ணனின் குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன். அவர் பின்வாசலில் உட்கார்ந்து சாளைமீன் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தார். குப்பியை நீட்டினேன். மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையின்னாலும்னு சொன்னிய அண்ணே."

"சொல்லிட்டேனே" என்று எழுந்தார். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

குழாயில் கொஞ்சம் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கொதித்ததும் இரண்டு சொட்டு அமிலம் விட்டார். தெளியவேண்டியது தெளியாமல் மோரைப் போல வெள்ளையாக நின்றது. மீதியைக் கையால் சுற்றுகிற மிஷினில் போட்டுச் சுற்றி, அடியில் தங்கியதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ரொம்ப நேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வந்து பாரு பிள்ளே."

பார்த்தேன். உளுந்தைக் கொட்டிப் பரப்பியதுபோலப் பழுப்பு அணுக்கள். இடையில் சின்னக் குச்சிகளாய்க் கிருமிகள் நீந்திக்கொண்டிருந்தன.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு டாக்டரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருந்தவர் எழுந்து வந்தார். சீட்டை இரண்டு தடவை படித்தார். "எடுத்துட்டீங்களா?" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடேயே நடந்து வந்தார். காசநோய் வார்டுக்கென்று எண்ணி வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை அவரே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். அஞ்சு பவுண்டு எடைக்கு எவ்வளவு என்று காகிதத்தில் கணக்குப் போட்டு, மறுபடி போட்டுப் பார்த்து, ஊசியில் ஏற்றினார். அதைத் தொடையில் போட்டது நான்.

ஊசி ஒரு நாளைக்கு இரண்டு தடவை. மற்ற நேரமெல்லாம் கைவேலைதான். தாய்ப்பாலைப் பிழிந்து பாலாடைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். இடையிடையே ஆறவைத்த வெந்நீர், மூத்திரம் நிறையப் போகவேண்டுமே. நனைந்த துணி ஒரு நிமிஷம் உடம்பில் இருக்கக்கூடாது, ஒவ்வொரு துணியும் கொதித்த பிறகுதான் கொடியில் போகவேண்டும். பழைய காய்ச்சல் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு மூத்திரத்துக்கும் ஒரு குறி வைக்கத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ரப்பர் மரத்தில் அளவு தவறாமல் கோடு கீறுகிற கை அது. வாடை வந்தால் ஒரு புள்ளி, அழுதால் ஒரு பெருக்கல் குறி என்று அவளே ஏற்பாடு செய்துகொண்டாள். டாக்டர் என்னைக் கேட்பதை விட்டுவிட்டு அந்தத் தாளைப் பார்க்கத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் அவள் புருஷன் மலையிலிருந்து வந்தான். கங்காணி உடனே திரும்பி வரச் சொல்கிறான், இல்லையென்றால் தோட்டத்தில் பேரை வெட்டிவிடுவான் என்றான். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். அவள் பிள்ளைக்குப் புகட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்க பேர வெட்டட்டும். பிள்ளைக்கு இன்னும் பேரே இடல்ல. இதுக்கொரு பேரு இட்டுட்டு வாறேன்னு செல்லு."

அன்று சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் ஏறவில்லை.

இதோடு நின்றிருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் அதே வாரத்தில், அதே வரிசையில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டும் வார்டுக்கு வரும்போது நன்றாக இருந்தவை. நான் மறுபடி குப்பி பிடித்தேன். இந்தத் தடவை டியூட்டியிலேயே பிடித்தேன். இரண்டிலும் பழுப்பு.

அப்போதுதான் அந்தப் பேசின் என் கண்ணில் பட்டது. தினமும் பார்த்ததுதான். பெரிய வெள்ளைப் பீங்கான் பேசின். காலையில் ஆயா அதில் தண்ணீர் ஊற்றி, ஒரு துணியைப் போட்டு, முதல் தொட்டிலில் தொடங்குவாள். துணியை முக்கிப் பிழிந்து பிள்ளையின் பின்பக்கத்தைத் துடைப்பாள், துணியைப் பேசினில் அலசுவாள், அடுத்த தொட்டில். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பேசின் தண்ணீர். பிறகு மாற்றி ஊற்றி அடுத்த எட்டு. துணி மாறாது.

ஹெட் நர்ஸிடம் சொன்னேன். "வெள்ளம் எங்க இருக்கு? நீயா கோரித் தருவே?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. கோடைகாலம். கிணறு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. காலையில் இரண்டு டிரம் தண்ணீர் வந்தால் வார்டு முழுவதற்கும் அதுதான். மறுநாளும் சொன்னேன். அதற்கடுத்த நாளும் சொன்னேன். "நான் பயிற்சி எடுத்த காலத்திலேருந்து இப்பிடித்தான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை டியூட்டிக்கு வரும்போதே ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடிபோட்ட ஜாடி நிறையப் பஞ்சு உருட்டிவைத்துவிட்டேன். ஆயா பேசினோடு முதல் தொட்டிலுக்கு வந்தாள். நான் குறுக்கே நின்றேன்.

"கொண்டு போங்க அக்கா. இது வேண்டாம்."

ஆயா ஹெட் நர்ஸைப் பார்த்தாள். ஹெட் நர்ஸ் மேஜையை விட்டு எழுந்து வந்தார். "ஆயா, நீ தொடங்கு" என்றார்.

நான் பேசினின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்தேன்.

தண்ணீர் சிமென்ட் தரையில் பரவி, ஹெட் நர்ஸின் வெள்ளை ஷூவை நனைத்து, மேஜைக்கு அடியில் போயிற்று. தாய்மார் பாயை இழுத்துச் சுருட்டிக்கொண்டார்கள். ஷூவை நனைக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதற்காக மட்டும் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

கெட்டிலை எடுத்தேன். ஒரு பிள்ளைக்கு நாலு பஞ்சு. நனை, முன்னிருந்து பின்னாகத் துடை, குப்பைத்தொட்டியில் போடு, என் கையைக் கழுவு, அடுத்த பிள்ளை. பதினாறு பிள்ளையும் முடிந்தபோது கெட்டிலின் அடியில் இன்னும் தண்ணீர் மிச்சம் இருந்தது. பேசினுக்கு வேண்டிய தண்ணீரில் பாதிகூடச் செலவாகவில்லை. ஹெட் நர்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிப் போய்ப் புகார் எழுதினார். எழுதவேண்டியது அவர் கடமை.

மூன்று நாள் கழித்துப் பெரிய டாக்டரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்திருந்தது. "மன்னிப்பு எழுதிக் கொடுத்திட்டுப் போயி வேலையப் பாருங்க. இதோட தீரட்டும்" என்றார் பெரிய டாக்டர். நல்லவிதமாகத்தான் சொன்னார்.

நான் உட்கார்ந்து எழுதினேன். எட்டுப் பிள்ளைக்கு ஒரு தண்ணீர், பதினாறு பிள்ளைக்கு ஒரு துணி என்று தொடங்கி, மூன்று தடவை சொன்னதையும், கவிழ்த்ததையும் எழுதி, நாளை அந்தப் பேசின் வந்தால் நாளையும் கவிழ்ப்பேன் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது மன்னிப்பா?"

"இல்ல சார். நடந்தது."

பக்கத்தில் நின்ற வார்டு டாக்டரைக் கேட்டார்: "அந்தப் பேசின்லேருந்துதான் வந்ததுன்னு சொல்லமுடியுமா?"

"நிச்சயமாச் சொல்லமுடியாது சார்" என்றார் வார்டு டாக்டர். பிறகு சொன்னார்: "ஆனா என் பிள்ளைய அதுல துடைக்க விடமாட்டேன்."

அன்றே இரண்டு உத்தரவு வந்தது. ஒன்று, என் தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டப்பட்டது, என்னை ஆண்கள் அறுவை வார்டுக்கு மாற்றினார்கள், 'மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாதவர்' என்று என் சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதினார்கள். மற்றது, பிள்ளை வார்டில் பொதுப் பேசினும் பொதுத் துணியும் இனிமேல் கூடாது என்பது. இரண்டாவது உத்தரவில் என் பேர் இல்லை. எனக்கு அது வேண்டியிருக்கவும் இல்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பின்னால் காய்ச்சல் வந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று பிழைத்தது. மற்றது, மாதம் திகையாமல், குறைப்பிரசவத்தில் பிறந்தது, அடுத்த வாரம் போய்விட்டது. நான் அப்போது ஆண்கள் வார்டில் இருந்தேன். ஆயாதான் வந்து சொன்னாள்.

ரப்பர் தோட்டத்துப் பெண் போகிற அன்று ஆண்கள் வார்டின் வாசலில் வந்து நின்றாள். பிள்ளை கன்னம் வைத்திருந்தது. பேர் இட்டுவிட்டதாகச் சொன்னாள். என் பேரை இட்டாளா என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. அவளுடைய அம்மையின் பேரை இட்டாள். அதுதான் முறை. தோட்டத்தில் அவள் பேரை வெட்டவும் இல்லை. பால் வெட்ட அவளைப் போலக் கை கிடைக்கவில்லையாம்.

ஹெட் நர்ஸும் நானும் ஒரு வருஷத்துக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். திரும்பாமலேயே சொன்னார்: "நீ அதத் தன்மையாச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன் சிஸ்டர். மூணு நாளு சொன்னேன்."

வரிசை நகர்ந்தது. "ஷூ உணங்க ரெண்டு நாளாச்சி" என்றார். பிறகு, "இப்பம் எல்லாத் தொட்டிலுக்கும் தனி ஜாடி வச்சிருக்கேன். வேணும்னா வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். நான் வைத்திருந்ததைவிடச் சுத்தமாக வைத்திருந்தார். ஒவ்வொரு ஜாடியிலும் தொட்டில் எண் எழுதி ஒட்டியிருந்தது. தப்பாகத் துடைத்த புது நர்ஸ் ஒருத்தியை என் முன்னாலேயே திட்டினார்.

ஐம்பத்தாறில் எங்கள் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தன. எங்களையெல்லாம் புது சர்க்காரின் கணக்குக்கு மாற்றினார்கள். சர்வீஸ் புத்தகங்களைச் சரிபார்க்க திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்து வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்து சிவப்பு மையில் நின்றார்.

"என்னம்மா இது?"

"படிச்சுப் பாருங்க."

படித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பழைய ராஜ்யத்துல எழுதினது. ஒரு மனு எழுதிக் குடுங்க, எடுத்துரலாம். பின்னால புரமோஷனுக்கு இது இடிக்கும்."

"இருக்கட்டும் சார்."

"இடிக்கும்னு சொல்றேன்ல?"

"இடிக்கட்டும். அதுல எழுதியிருக்கது உள்ளதுதான். ஆனா மேல என் பிறந்த வருஷத்துல ரெண்டு வருஷம் தப்பாக் கூடப் போட்டிருக்கு பாருங்க. அத மட்டும் திருத்தித் தாங்க."

அவர் பேனாவை எடுத்து, வருஷத்தை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.